அரைச் சுற்று

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாமனார் வண்டியை எடுத்துக்கொண்டு போக வருவதாக இருந்தது. சனிக்கிழமை மதியம் நான் அதன் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினேன்.

காரணம் எண்ணெய்க் கசிவு. டிஸ்ட்ரிபியூட்டர் இஞ்சினுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது காய்ந்துபோய், இஞ்சினின் பக்கவாட்டில் கறுப்பாக வழிந்திருந்தது. கொடுக்கிற பொருளைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைத்ததாக அப்போது தெரியவில்லை.

வண்டி என் மனைவியுடையது. அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை, தலைவலி என்று அலுவலக மேசையில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து என்னிடம் கேட்கப்பட்ட எல்லாவற்றுக்கும் நான் சரி என்றே சொல்லி வந்தேன். துணிமணிகளை எடுத்துக் கொடுத்துவிடலாமா? சரி. அவளுடைய போன் நம்பரை ரத்து செய்துவிடலாமா? சரி. மூன்று வாரத்துக்கு முன் மாமனார் போனில், "அந்த வண்டிய நான் வச்சுக்கட்டுமா மாப்ளே?" என்றார். அதற்கும் சரி என்றேன். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவள் குடிநீர் வாரியத்தில் வரைபடம் வரைபவள். எங்கள் இருவரின் வயதையும் கூட்டினால் வரும் வயதுள்ள ஒரு பழைய காரை, ஓடாத நிலையில் வாங்கினாள். அடுக்குமாடிக்குப் பின்னால் ஷட்டர் போட்ட ஷெட்டுகள் வரிசையாக இருக்கின்றன. மூன்று வருடம், விடுமுறை நாளெல்லாம் அதில் ஒன்றில் இருந்தாள். நான் மாடியில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருப்பேன். பாடப்புத்தகங்கள் அச்சிடும் நிறுவனத்தில் எனக்கு அந்த வேலைதான். அச்சில் இருப்பது சரியா என்று பார்ப்பேன், சரியென்றால் நம்புவேன்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும்போதும் வண்டியின் பழுதுபார்ப்புப் புத்தகத்தைத்தான் நம்பினேன். ஆனால் 'மாட்டும் முறை' என்ற பக்கத்திலிருந்து படித்தேன். கழற்றுவது எளிதாகத் தெரிந்ததால் 'கழற்றும் முறை'யைத் தாண்டிவிட்டேன். நான்கு ஒயர்களோடு சேர்த்து மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தேன். ஒரு போல்ட்டைத் தளர்த்தி, உருவினேன். வந்துவிட்டது. பிறகு வெளிச்சத்துக்காக வண்டியை நாலடி முன்னால் தள்ளினேன். கியரில் இருந்தது, இஞ்சினும் சேர்ந்து சுற்றியது. அப்புறம்தான் தாண்டிய பக்கத்தைப் படித்தேன். 'உருவுவதற்கு முன் ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கோடு போட்டுக்கொள்ளவும். அதன்பின் இஞ்சினைச் சுற்றக் கூடாது.'

டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை, நான்கு சிலிண்டர்களுக்கும் அதனதன் முறை வரும்போது தீப்பொறியைக் கொடுப்பது. உள்ளே ரோட்டார் என்ற சிறு கை சுற்றுகிறது. மேலே மூடியில் நான்கு முனைகள். ஒவ்வொரு முனையிலிருந்தும் ஓர் ஒயர் ஒரு சிலிண்டருக்குப் போகிறது. முதல் சிலிண்டரின் பிஸ்டன் பெட்ரோல் காற்றை அழுத்தி உச்சிக்கு வரும் நேரத்தில், கை முதல் முனையைப் பார்த்து நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், பிஸ்டன் உச்சிக்கு இரண்டு முறை வரும். ஒரு முறை அழுத்திக்கொண்டு, இன்னொரு முறை எரிந்த புகையைத் தள்ளிக்கொண்டு. இரண்டு முறையும் இஞ்சின் முன்னால் இருக்கும் புல்லியின் கோடு பூஜ்யத்தில்தான் வந்து நிற்கும். கோட்டை மட்டும் நம்பினால் சரிபாதி வாய்ப்பில் அரைச் சுற்று தப்பாகிவிடும். புத்தகம் இதைத் தடித்த எழுத்தில் எச்சரிக்கிறது.

நான் ஏமாறவில்லை. முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஸ்பேனர் போட்டு இஞ்சினைச் சுற்றினேன். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு புஸ்ஸென்று வந்தது. அழுத்தும் சுற்றுதான். கோட்டைப் பூஜ்யத்தில் நிறுத்தினேன். புத்தகத்தின் படத்தில் முதல் முனை முன் கண்ணாடிப் பக்கம் இருந்தது. ரோட்டாரை அந்தப் பக்கம் திருப்பி இறக்கினேன். அடியில் இருக்கும் பல்சக்கரம் சாய்வாக வெட்டப்பட்டது; இறங்கும்போது கை தானாகக் கொஞ்சம் திரும்பும். அதனால் அந்த அளவு பின்தள்ளிப் பிடிக்க வேண்டும். முதல் தடவை ஒரு பல் தள்ளிப்போனது. இரண்டாம் தடவை கை சரியாக நின்றது, ஆனால் ஒரு விரற்கடை இறங்காமல் தொக்கி நின்றது. உள்ளே எண்ணெய் பம்ப்பின் தண்டு இதனோடு கோத்துக்கொள்ள வேண்டுமாம். நீள ஸ்க்ரூடிரைவரை விட்டு அதைத் திருப்பி வைத்தேன். மூன்றாம் தடவை லபக்கென்று உட்கார்ந்தது. சின்ன பல்பு ஒன்றை வைத்து, பொறி கிளம்பும் கணத்தையும் சரிபார்த்தேன். மூடியை மாட்டினேன். சாவியைத் திருப்பினேன்.

இஞ்சின் சுற்றியது. கார்பரேட்டர் வழியாகப் பட்டென்று ஒரு தும்மல். மறுபடி சுற்றல், மறுபடி தும்மல்.

இருட்டும் வரை அதுதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு மறுபடி ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் மூன்று தடவை சோதித்தேன். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி இருந்தது. வண்டி மட்டும் கிளம்பவில்லை.

பத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு இருவரும் வந்தார்கள். மாமனார் கையில் மடித்த கார் உறை, புதிது. பின்னால் மச்சினி. அவளை வீட்டில் மைக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். கூட்ட அரங்குகளில் ஒலிபெருக்கி அமைத்துக் கொடுப்பது அவள் தொழில். பெயர் தொழிலுக்கும் பொருந்தும், குரலுக்கும் பொருந்தும். வண்டியை ஓட்டிக்கொண்டு போகத்தான் அவளை அழைத்து வந்திருந்தார்.

"என்ன அத்தான், வண்டியத் தொடச்சு வெளிய நிறுத்தியிருப்பீங்கன்னு பார்த்தா, கொடல உருவிப் போட்டு வச்சிருக்கீங்க?"

"கெளம்ப மாட்டேங்குது."

மாமனார் சட்டைப் பையிலிருந்து காது மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டார். நெசவாலையில் முப்பத்தொரு வருடம் தறிகளுக்கு நடுவே நின்றவர். "என்ன சொல்றாரு?"

"வண்டி கெளம்பலியாம்ப்பா."

"போன வாரம் கெளம்பிச்சே மாப்ளே. போன்ல காட்டினீங்களே."

"ஆமா மாமா."

"அப்புறம் எதுக்குக் கழட்டினீங்க?"

"எண்ணெய் கசிஞ்சுது."

"கசிஞ்சா கசிஞ்சுட்டுப் போகட்டுமே. எனக்குந்தான் மூக்கு ஒழுகுது. கழட்டியா மாட்டறேன்?"

மைக்கு சிரித்துவிட்டு, அவர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

நான் மறுபடி சாவியைத் திருப்பிக் காட்டினேன். தும்மல் அவருக்கும் கேட்டது. உறையை வண்டிக்கூரையின் மேல் வைத்துவிட்டு, ஷெட்டுக்கு வெளியே போய் நின்றார். பிறகு திரும்பி வந்தார்.

"குடுக்க மனசில்லேன்னா, இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். இப்படி உடைச்சு வச்சுத்தான் சொல்லணுமா?"

"அப்பா!" என்றாள் மைக்கு.

"அப்படி இல்ல மாமா," என்றேன். சொன்ன பிறகு, அப்படி இல்லைதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஒழுகும் ஒரு வளையத்துக்காக, கொடுக்கும் நாளுக்கு முந்தின நாள், தெரியாத வேலையில் கை வைத்தவன் நான். எண்ணெய் ஒரு வருடமாகக் கசிந்துகொண்டிருந்தது.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களுக்கு அது கார். எனக்கு அப்படியில்ல. இந்தக் காதுல யாரு பேசறதும் சரியா விழறதில்ல. காலிங் பெல் கேக்காது. பேரப் புள்ளைங்க கத்தினா கேக்காது. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குத் தெருமுனையில இது வரும் பாருங்க, தும்தும்னு ஒரு கனத்த சத்தம், அது மட்டும் கேக்கும். மிஷின் மாட்டாமலே கேக்கும். பெரியவ வந்துட்டான்னு நாந்தான் மொதல்ல சொல்லுவேன், உங்க அத்தை இல்ல. அது வேணும் எனக்கு. வேற ஒண்ணும் கேக்கல."

பெரியவ என்றால் என் மனைவி.

புத்தகத்தை எடுத்து அதே பக்கத்தைத் திறந்தேன். பானட் முழுக்கத் திறந்திருந்தது. மைக்கு அதற்குள் தலையை விட்டாள்.

"அத்தான், இந்த ஒயரெல்லாம் நீங்க மாட்டினதா?"

"இல்ல. அத நான் தொடவே இல்ல. மூடியோட அப்படியே தூக்கி வச்சேன், அப்படியே மாட்டினேன்."

"தொடலேன்னா சரியா இருக்கும்னு யாரு சொன்னா?"

"வண்டி ஓடிட்டு இருந்துச்சே."

"ஹால்ல மைக்கு கத்தலேன்னா நான் மொதல்ல என்ன பண்ணுவேன் தெரியுமா? ஆம்ப்ளிஃபயரத் திட்ட மாட்டேன். ஒயர் மேல கைய வச்சு, அது எங்க போய் முடியுதோ அதுவரைக்கும் நடப்பேன். நூறடியா இருந்தாலும் நடப்பேன்." முதல் பிளக்கின் மேல் விரலை வைத்தாள். ஒயரோடு விரலை ஓட்டிக்கொண்டே போய் மூடியில் நிறுத்தினாள். "ஒண்ணு இங்க வருது. உங்க புத்தகத்துல ஒண்ணு எங்க இருக்கு?"

"கண்ணாடிப் பக்கம்."

"இது ரேடியேட்டர் பக்கம்ல இருக்கு. கண்ணாடிப் பக்கம் வர்றது..." விரல் திரும்பிப் போனது. "நாலு."

நானும் விரலை ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் மூன்றும்கூட இடம் மாறி இருந்தன. நான்கு ஒயர்களும் அரைச் சுற்று தள்ளி, நேர் எதிர் முனைகளில் இருந்தன. அதாவது நான் ரோட்டார் கையைச் சரியாக வைத்திருந்தேன். அது நாலாவது சிலிண்டருக்குப் பொறி கொடுத்தது, முறை இல்லாத நேரத்தில்.

அப்படியானால் இத்தனை நாள் எப்படி ஓடியது என்று யோசித்தபோது புரிந்தது. அவள் இதை மாட்டியபோது புல்லியின் கோட்டை மட்டும் பார்த்திருக்கிறாள். புகை தள்ளும் சுற்றில் மாட்டிவிட்டாள். கிளம்பியிருக்காது. பிறகு கண்டுபிடித்திருக்கிறாள். மறுபடி உருவி, பல் பார்த்து, பம்ப் தண்டைத் திருப்பி, இறக்குவதற்குப் பதிலாக, மேலே இருந்த நான்கு ஒயர்களையும் பிடுங்கி எதிர்ப்பக்கம் செருகிவிட்டாள். இரண்டு நிமிட வேலை. ஒரு தப்பும் இன்னொரு தப்பும் சேர்ந்து வண்டி பஞ்சு மாதிரி ஓடியது.

அந்த நாள்கூட எனக்கு நினைவிருந்தது. முழங்கை வரை கறுப்போடு மாடிக்கு வந்தாள். "ஓடுது," என்றாள். எல்லாம் ஒழுங்கா நடந்துச்சா என்று கேட்டேன். "அது ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம் போனேன். நடுவுல சந்திச்சுக்கிட்டோம்," என்றாள். நான் மெய்ப்புத் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தேன்.

எட்டு மாதமாக எல்லோரும் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்லவள், கெட்டிக்காரி, சிரித்த முகம். இது எனக்குத் தெரியாதது. அவள் தப்பாக மாட்டியிருக்கிறாள், தெரிந்தே அப்படியே விட்டிருக்கிறாள், என்னிடம் மறைத்திருக்கிறாள். அவள் போன பிறகு அவளைப் பற்றி எனக்கு வந்த முதல் புதுச் செய்தி. கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாச்சு மாப்ளைக்கு?"

"ஒண்ணுமில்லப்பா. அக்கா தப்பு பண்ணியிருக்கா."

"பெரியவளா? சும்மா இரு. அவ வேலையில தப்பு வராது."

"வந்திருக்குப்பா. நாலு ஒயரும் சாட்சி. இவரு எல்லாத்தையும் சரியா மாட்டியிருக்காரு, அதான் ஓடல."

மைக்கு பாதி எனக்கும் பாதி அவருக்குமாக விளக்கினாள். மூடியைக் காட்டி, விரலால் வட்டம் போட்டுக் காட்டினாள். மாமனார் குனிந்து ஒயர்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அஞ்சாவது படிக்கறப்போ இதையேதான் செஞ்சா," என்றார். "கணக்குல நடுவுல தப்பு வந்தா அழிக்க மாட்டா. நோட்டு அழுக்காயிடுமாம். கீழ இன்னொரு தப்பப் போட்டு, விடைய மட்டும் சரியா கொண்டாந்துடுவா. வாத்தியார் கூப்பிட்டு அனுப்பினாரு. நான் போய், விடை சரியாத்தானே சார் இருக்குன்னு அவருகிட்டயே சண்டை போட்டேன்."

மைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒயர்களைப் புத்தகப்படி மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று எழுந்தேன். முடியவில்லை. பிறகு ஒரு நாள் புது ஒயர் வாங்கியபோது, அவள் தன் கணக்குக்கே அளந்து வெட்டியிருக்கிறாள். முதல் ஒயரைக் கண்ணாடிப் பக்க முனைக்கு இழுத்தால் நாலு விரல் போதவில்லை. தப்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது.

"அப்ப ஒரே வழிதான்," என்றாள் மைக்கு. "புத்தகத்த மூடுங்க அத்தான். அக்கா மாதிரி மாட்டுங்க."

மூடியைத் தூக்கி, இஞ்சினைச் சுற்றிக் கோட்டை மறுபடி அழுத்தும் சுற்றின் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை உருவினேன். ரோட்டார் கை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அரைச் சுற்று திருப்பினேன். ரேடியேட்டர் பக்கத்துக்குக் கொஞ்சம் பின்தள்ளிப் பிடித்து, மெல்ல இறக்கினேன். இறங்க இறங்கக் கை தானாகத் திரும்பி, அவள் வைத்த இடத்தில் நின்றது. இரண்டு நாளாகச் சரியாக மாட்டியதைத் தப்பாக மாட்டக் கால் மணி நேரம் ஆனது.

சாவியைத் திருப்பினேன். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

மாமனார் காது மிஷினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இதான்," என்றார், தேவைக்கு மேல் சத்தமாக. பிறகு, "வழியில நின்னுடப் போகுது. ஒரு தடவை சுத்தி வரச் சொல்லு."

மைக்கு கையை நீட்டினாள். "நான் ஓட்டறேன்," என்றேன். மனைவி போனதிலிருந்து வாரம் ஒரு முறை இஞ்சினை ஓடவிட்டு அணைத்திருக்கிறேனே தவிர, வண்டியை ஷெட்டுக்கு வெளியே எடுத்ததில்லை.

சலவைக் கடை, பள்ளிக்கூடத்து நீள மதில், பெட்ரோல் பங்க், மறுபடி எங்கள் தெரு. நாலு திருப்பங்கள். வண்டி எந்தக் குறையும் சொல்லவில்லை. நானும் எதையும் நினைக்கவில்லை. கடைசித் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்துத் தெருவுக்குள் நுழைந்தேன்.

மாமனார் ஷெட்டுகளின் வாசலில் நின்றிருந்தார். நான் திரும்புவதற்கு முன்பே அவர் இந்தப் பக்கம் பார்த்தாகிவிட்டது. மிஷின் இன்னும் கையில்தான் இருந்தது. கழுத்து முன்னால் நீண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, யாரிடமோ ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி. ஏழு வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் மனைவிதான் முதலில் இறங்கி உள்ளே ஓடுவாள். நான் பைகளை எடுத்துக்கொண்டு பின்னால் வருவேன். அதற்குள் அந்த முகம் முடிந்துபோயிருக்கும்.

வண்டியை அவர் முன்னால் நிறுத்தியதும் முகம் பழையபடி ஆனது. வந்து நின்றுவிட்ட வண்டியில் அவர் காத்திருக்க ஒன்றும் இல்லை. இறங்கினேன்.

"மாமா, வண்டியக் குடுக்க முடியாது."

"அத்தான்!" என்றாள் மைக்கு.

"என்ன?" மாமனார் மிஷினை மாட்டிக்கொண்டார். "என்ன சொன்னீங்க?"

இரண்டாம் தடவை சொல்வது கடினமாக இருந்தது. "வண்டியக் குடுக்க முடியாது. இங்கதான் இருக்கும்."

"அப்ப நான் சொன்னது சரிதான்."

"சரிதான் போலிருக்கு. எனக்கே இப்பத்தான் தெரியுது." இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது. "ஆனா மாமா, வண்டி உங்க வீட்டு வாசல்லயே நின்னா, தெருமுனையிலேர்ந்து எப்படி வரும்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தெருமுனையைப் பார்த்தார்.

"மைக்கு எடுத்துட்டுப் போயி சுத்திட்டு வருவா," என்றார், அவ்வளவு உறுதியில்லாமல்.

"நானா? வாராவாரம் உங்க வாசல்லேர்ந்து கெளம்பி உங்க வாசலுக்கே வந்து சத்தம் காட்டவா? போறப்பவும் நீங்கதான் பாத்துட்டு நிப்பீங்க. அதுல என்ன இருக்கு?"

"நான் கொண்டாறேன்," என்றேன். "ஞாயித்துக்கிழமை."

"எல்லா ஞாயிறுமா?"

"எல்லா ஞாயிறும்."

"மழை பேஞ்சா?"

"வைப்பர் இருக்கு மாமா."

"ஒரு பக்கந்தான் ஓடும்," என்றாள் மைக்கு.

"ஓட்டறவர் பக்கம் ஓடினாப் போதும்." அவர் வண்டியின் முன்புறத்தைக் கையால் ஒரு முறை தடவினார். சூடு பட்டிருக்க வேண்டும், எடுத்துவிட்டார். "பதினோரு மணி. பதினொண்ணேகால்னு வரக் கூடாது. நான் வாசல்ல நின்னுட்டிருப்பேன், கால் வலிக்கும்."

"சரி மாமா. ஏறுங்க, இப்ப கொண்டுபோய் விடறேன்."

மைக்கு கதவைத் திறந்துவிட்டாள். அவர் ஏறவில்லை. ஷெட்டுக்குள் போய், கீழே விழுந்து கிடந்த உறையை எடுத்து மடித்துப் பெட்டியின் மேல் வைத்தார். திரும்பி வந்தார்.

"நாங்க பஸ்ல போறோம். நீங்க ஒரு மணி நேரம் கழிச்சுக் கெளம்பி வாங்க."

"அப்பா, வண்டி இங்கயே நிக்குது, கதவு தொறந்திருக்கு, அவரும் அங்கதான் வர்றாரு..."

"நட."

அவள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு அவர் பின்னால் போனாள். தெருமுனை வரை அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டிருந்தார்.

இஞ்சினை அணைத்தேன். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக் கையைத் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் வர இருபது நிமிடமாவது ஆகும். போய்ச் சேர முக்கால் மணி. நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு அவர் நடையில் பத்து நிமிடம். ஒரு மணி நேரம் போதாது.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன்.